ரக்கூனுக்கு எந்தத் தோட்டா? கலிஃபோர்னியாவின் ஷாட்கன் விதிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஜூலை 1 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு விதி அமலுக்கு வந்தது. ரக்கூன், சாம்பல் நரி, மிங்க் என்று ரோமத்துக்காக வேட்டையாடப்படும் விலங்குகளை ஷாட்கன்னால் (ஒரே தோட்டாவிலிருந்து ரவை எனப்படும் பல சிறு உலோக மணிகளைச் சிதறவிடும் துப்பாக்கி) சுடுவதானால், தோட்டாவுக்குள் ஈய ரவை இருக்கக் கூடாது. துப்பாக்கி ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, தாத்தா காலத்ததா நேற்று வாங்கியதா என்பதைப் பற்றி அந்த விதிக்கு அக்கறை இல்லை. உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

அமெரிக்காவின் வேட்டை விதிகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே வேட்டை மாநில அரசின் கையில் இருக்கிறது. உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, விதிப்படி சுடலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏறக்குறைய முழுத் தடை. அதனால் நம்மில் பலருக்கு வேட்டை விதி என்றாலே 'கூடாது' என்ற ஒரே சொல்தான் மனதில் வரும். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. எந்த விலங்கு, எந்த மாதம், பகலா இரவா, எந்த அளவு ரவை, அது எதனால் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி இருக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக எழுதப்பட்டது. ஒரே ஒரு தோட்டாவைக் குழலில் போடுகிறவர் இவை அத்தனைக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டவர்.

புதிதாக வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 'என் துப்பாக்கியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?' என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் நேரான பதில் கிடைக்காது. விலங்கைச் சொன்னால்தான் பதில் கிடைக்கும். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

ஈயத்தின் கதை

முதலில் காரணம். கலிஃபோர்னியா காண்டோர் வட அமெரிக்காவின் மிகப் பெரிய தரைப் பறவை. இறந்த விலங்குகளைத் தின்று வாழ்வது. 1982இல் உலகத்தில் மொத்தமே 22 காண்டோர்கள்தான் எஞ்சியிருந்தன. 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992இலிருந்து மீண்டும் காட்டில் விடத் தொடங்கினார்கள். விடப்பட்ட பறவைகள் செத்தன. ரத்தத்தைப் பரிசோதித்தால் ஈயம். பிடித்து வந்து, ஈயத்தை வெளியேற்ற மருந்து கொடுத்து, மறுபடியும் பறக்க விட்டால், சில மாதங்களில் திரும்பவும் ஈயம்.

சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைரா ஃபிங்கல்ஸ்டீன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஈயம் பெரும்பாலும் வேட்டைத் தோட்டாக்களிலிருந்து வருகிறது என்று காட்டியது. ஈயத்தின் ஐசோடோப் விகிதம் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடயம் தரும். பறவையின் ரத்தத்தில் உள்ள ஈயத்தையும் கடையில் விற்கும் தோட்டாவின் ஈயத்தையும் ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள்.

சட்டம் படிப்படியாக வந்தது. 2007இல் இயற்றி 2008 ஜூலையில் அமலான முதல் சட்டம், காண்டோர் வாழும் பகுதிக்குள் மட்டும் பெரிய வேட்டை விலங்குகளுக்கும் கயோட்டி என்ற காட்டு நாயினத்துக்கும் ஈயத்தைத் தடுத்தது. பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது, ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பறக்கக்கூடியது. 2013 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் மாநிலம் முழுவதற்கும் தடையை விரித்தது. ஆனால் உடனடியாக அல்ல, மூன்று கட்டமாக. 2015 ஜூலை 1இல் மாநில அரசின் வனவிலங்கு நிலங்களும் பெருங்கொம்பு ஆட்டு வேட்டையும். 2016 ஜூலை 1இல் ஷாட்கன். 2019 ஜூலை 1இல் எல்லா வேட்டையும், எல்லாத் துப்பாக்கியும்.

நம் கவனம் நடுவில் உள்ள 2016 கட்டத்தில். மேட்டுநிலப் பறவைகள், சிறு வேட்டை விலங்குகள், ரோம விலங்குகள், வேட்டைப் பட்டியலில் இல்லாத பிற பாலூட்டிகள், பயிருக்குச் சேதம் செய்வதால் சுடப்படும் விலங்குகள் என்று எல்லாவற்றுக்கும் ஷாட்கன்னில் ஈயம் தடுக்கப்பட்டது. ஆனால் புறாவுக்கும் காடைக்கும் உள்ளானுக்கும் மூன்று ஆண்டு அவகாசம் கிடைத்தது. இந்தச் சிறு பறவைகளுக்குத் தேவையான பொடி ரவை, ஈயம் இல்லாமல் அப்போது கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. ரோம விலங்குக்குப் பயன்படும் பெரிய ரவை ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. நீர்ப்பறவை வேட்டைக்கு அமெரிக்கா முழுவதும் 1991இலிருந்தே ஈயம் தடை. வாத்துக்காகத் தயாரித்த இரும்பு ரவைத் தோட்டாவே ரக்கூனுக்கும் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காடையைச் சுட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறார். ரோம விலங்கைச் சுட்டவர் பலநேரம் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார். அதில் பாய்ந்த ரவை முழுவதும் சதையோடு அங்கேயே கிடக்கிறது. காண்டோருக்கும் பொன்னிறக் கழுகுக்கும் சாதாரணப் பிணந்தின்னிக் கழுகுக்கும் அது தயாராக வைத்த சாப்பாடு. விழுங்கிய ரவை இரைப்பையின் அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும். ரைபிள் குண்டு மானின் உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறுவதுதான் காண்டோர்களுக்குப் பெரிய ஆபத்து. ரோம விலங்கு வேட்டையின் பங்கு அதைவிடச் சிறியது. சிறியது என்பதால் விட்டுவிட முடியாது, மொத்தப் பறவைகளும் சில நூறுதான்.

மோயாறு பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசி, மாடு செத்த பிறகு கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா 2006இல் தடை செய்தது. நஞ்சு வேறு, வந்த வழி ஒன்றுதான்: இறந்த உடல்.

முதலில் விலங்கு

சரி, விதிக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் மீன், வேட்டை விலங்குச் சட்டத்தின் 4000ஆவது பிரிவு ரோம விலங்குகள் எவை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. மார்ட்டென், ஃபிஷர், மிங்க், ஆற்று நீர்நாய், சாம்பல் நரி, செந்நரி, கிட் நரி, ரக்கூன், பீவர், பேட்ஜர், மஸ்க்ரேட். மொத்தம் பதினொன்று.

பட்டியலில் இருப்பதெல்லாம் வேட்டையாடலாம் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். மாநில மீன், வேட்டை விலங்கு ஆணையத்தின் விதிகளில் 460ஆவது பிரிவு ஒரே வரியில் ஃபிஷர், மார்ட்டென், ஆற்று நீர்நாய், பாலைவனக் கிட் நரி, செந்நரி ஆகியவற்றை எந்தக் காலத்திலும் தொடக் கூடாது என்கிறது. சான் வாக்கின் பள்ளத்தாக்கின் கிட் நரியோ மத்திய அரசின் அழியும் இனப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆக, மிஞ்சுவது ஆறு விலங்குகள். அவற்றிலும் பீவருக்குக் குறிப்பிட்ட மாவட்டங்கள் மட்டும். சாம்பல் நரிக்கும் பேட்ஜருக்கும் நவம்பர் 16 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை. மிங்க்குக்கும் மஸ்க்ரேட்டுக்கும் நவம்பர் 16 முதல் மார்ச் 31 வரை. ரக்கூனுக்கும் பெரும்பாலான இடங்களில் அதே காலம்தான், தென்கிழக்கு ஓரத்தில் மட்டும் ஜூலை 1லேயே தொடங்கிவிடுகிறது.

நரிகளில் ஒன்றுக்கு அனுமதி, இரண்டுக்குத் தடை. அதனால் விலங்கை அடையாளம் காண்பதே சட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சாம்பல் நரியின் காதோரமும் கழுத்தும் விலாவும் செம்பழுப்பாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் செந்நரி என்றே தோன்றும். வாலைப் பார்க்க வேண்டும். செந்நரிக்கு வால் நுனி வெள்ளை. சாம்பல் நரிக்கு வாலின் மேல்பக்கம் நெடுகக் கறுப்புக் கோடு ஓடி, நுனியும் கறுப்பாக முடியும். கிட் நரிக்கும் வால் நுனி கறுப்புதான், ஆனால் உடல் வீட்டுப் பூனை அளவு, காதுகள் தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. அரைகுறை வெளிச்சத்தில் இதைப் பிரித்தறிய முடியவில்லை என்றால் விரலை விசையில் வைக்கவே கூடாது. ஷாட்கன்னின் ரவை விசிறியாக விரியும். சுட்ட பிறகு வாலைப் பார்த்துப் பயனில்லை.

கயோட்டி இந்தப் பட்டியலில் இல்லை. அதன் தோலையும் ஆண்டாண்டு காலமாக விற்றிருக்கிறார்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் விலங்கு. ஆண்டு முழுவதும் சுடலாம், அதற்கான முறைகள் வேறு பிரிவில் இருக்கின்றன. பாப்கேட் என்ற காட்டுப்பூனையும் அதேபோல் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தது. 2019இல் வந்த சட்டம் 2020 ஜனவரி முதல் அதன் வேட்டையை நிறுத்திவிட்டது. ஒரே மலைச்சரிவில், ஒரே இரவில், கயோட்டிக்கு ஒரு விதி, ரக்கூனுக்கு வேறு விதி, பாப்கேட் என்றால் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டியதுதான். துப்பாக்கி மாறவில்லை. எதிரே வந்து நிற்பது மாறுகிறது.

இரவும் ரவையின் அளவும்

ரக்கூன் இரவில் நடமாடுவது. பகலில் மரப்பொந்தில் தூங்கும். எனவே இருட்டியபின் அதைச் சுடுவதற்கென்று 464ஆவது பிரிவில் தனி நிபந்தனை இருக்கிறது. கைத்துப்பாக்கியோ ரைபிளோ என்றால் 22 காலிபர் ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது. ஷாட்கன் என்றால் ரவை பிபி அளவுக்கு மேல் போகக் கூடாது. இவை தவிர வேறு துப்பாக்கிக்கு இரவில் இடமில்லை.

ரவை எண்களைத் தெரியாதவர்களுக்கு: எண் குறையக் குறைய ரவை பெரிதாகும். எண் 4ஐவிட 2 பெரியது, 2ஐவிட 1 பெரியது. அதற்கு மேல் எழுத்துகள்: பிபி, பிபிபி, டி. அவற்றுக்கும் மேலே மானுக்குப் பயன்படும் பக்‌ஷாட். பிபி ரவையின் விட்டம் 4.57 மில்லிமீட்டர். 'டபுள் ஆட்' எனப்படும் பக்‌ஷாட்டின் விட்டம் 8.4 மில்லிமீட்டர்.

ஏன் பிபியில் நிறுத்தினார்கள் என்று விதி சொல்வதில்லை. கணக்குப் போட்டால் ஊகிக்கலாம். வட்டமான ஈய ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ழூர்னே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் ஒரு பழைய சூத்திரம் வழக்கில் உண்டு: அங்குலத்தில் உள்ள விட்டத்தை 2,200ஆல் பெருக்கினால் கெஜத்தில் தூரம். பிபிக்கு ஏறக்குறைய 400 கெஜம். டபுள் ஆட்டுக்கு 726. மரத்தில் இருக்கும் ரக்கூனை நோக்கிச் சுடுகிறவர் துப்பாக்கியை மேல்நோக்கித்தான் பிடிக்கிறார். தவறிய ரவை எங்கே இறங்கும் என்று இருட்டில் அவருக்குத் தெரியாது. அங்கே ஒரு பண்ணை வீடு இருக்கலாம். அப்புறம், மான். இரவில் விளக்கோடும் பக்‌ஷாட்டோடும் ஒருவர் காட்டில் நின்றால் அவர் ரக்கூனுக்கு வந்தாரா திருட்டு மானுக்கு வந்தாரா என்று எப்படிப் பிரிப்பது? பிபி என்ற வரம்பு இரண்டு கவலையையும் ஒரே வீச்சில் தீர்க்கிறது. என் கணிப்பில் இது நல்ல விதி, எளிதில் சரிபார்க்கக்கூடிய விதியும்கூட.

இப்போது 2016இன் ஈயத் தடையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். வேட்டைக்காரர்களின் முணுமுணுப்பு அங்கேதான் ஆரம்பித்தது, அதில் நியாயமும் உண்டு.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். இரும்பு ரவைக்கு 7.8. அதே அளவு ரவை, அதே வேகத்தில் கிளம்பினாலும், இரும்பு சீக்கிரம் வேகம் இழக்கும், ஆழமாகப் பாயாது. இதை ஈடுகட்ட வேட்டைக்காரர்கள் கைக்கொள்ளும் வழக்கம், ஈயத்தில் பயன்படுத்திய எண்ணைவிட இரண்டு படி பெரிய இரும்பு ரவையை எடுப்பது. ஈய எண் 4க்குப் பதில் இரும்பு எண் 2. ஈய எண் 2க்குப் பதில் இரும்பு பிபி. எண் 2 ஈய ரவை ஒன்றின் எடை ஏறக்குறைய 0.32 கிராம். பிபி இரும்பு ரவை 0.39 கிராம். ஆக, எண் 2 ஈயத்தோடு ரக்கூனுக்குப் போய்வந்தவர் பிபி இரும்புக்கு மாறினால் அவருக்கு எடையில் இழப்பில்லை, தோட்டாவுக்குள் ரவைகளின் எண்ணிக்கைதான் குறையும். இரவு வரம்பையும் மீறவில்லை.

ஆனால் ஏற்கெனவே ஈய பிபி பயன்படுத்தியவர்? அவருக்கு மேலே போக வழியில்லை. இரண்டு படி ஏறினால் டி அளவு, விட்டம் 5.08 மில்லிமீட்டர். இரவில் அது சட்டமீறல். பிபியிலேயே நின்றால் ஒரு ரவைக்கு 0.57 கிராமிலிருந்து 0.39 கிராமுக்கு இறங்குகிறார். அவர் முன்பைவிட நெருங்கிப் போய்த்தான் சுட வேண்டும். இல்லையென்றால் பிஸ்மத் வாங்கலாம். அடர்த்தி 9.6 அளவில் இருப்பதால் பிபி ரவை 0.48 கிராம் வரும். டங்ஸ்டன் கலவைகளில் சில ஈயத்தைவிடவே கனமானவை, விலையும் அதற்கேற்ப. நெருங்கிப் போவதுதான் சரி என்பது என் கருத்து. மரத்தடியில் நின்று சுடும் வேட்டையில் தூரம் ஒரு பெரிய தடையே இல்லை. அடிபட்டு ஓடிப்போய் எங்கோ சாகும் விலங்கைவிட, நெருங்க முடியாமல் விட்டுவந்த விலங்கு மேல்.

2016க்கும் 2019க்கும் இடையில் ஒரு விசித்திரமான இடைவெளி இருந்தது. காண்டோர் பகுதிக்கும் மாநில வனவிலங்கு நிலங்களுக்கும் வெளியே, அதே மரத்தில் உள்ள அதே ரக்கூனை ஷாட்கன்னால் சுட்டால் ஈயம் தடை, 22 ரிம்ஃபயரால் சுட்டால் ஈயத்துக்கு அனுமதி. 2019 ஜூலையில் அந்த இடைவெளி மூடப்பட்டது. அன்றிலிருந்து 22 தோட்டாவும் ஈயமற்றதாக இருக்க வேண்டும். ஈயமற்ற 22 தோட்டா சிலவே கிடைக்கின்றன, விலையும் கூடுதல். ரக்கூன் வேட்டையில் ஷாட்கன்னுக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது.

பையில் கிடக்கும் பழைய தோட்டா

மக்கள் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் என்று நான் நினைப்பது இதுதான். விதி, ஈயத் தோட்டாவைச் சுடுவதை மட்டும் தடுக்கவில்லை. வேட்டையில் ஈடுபட்டிருக்கும்போது ஈயத் தோட்டாவையும் அதைச் சுடக்கூடிய துப்பாக்கியையும் சேர்த்து வைத்திருப்பதே குற்றம். தற்காப்புக்காக வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதையும் வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது. முதல் குற்றத்துக்கு 500 டாலர் அபராதம். இரண்டாம் முறையிலிருந்து 1,000 முதல் 5,000 டாலர் வரை.

ஒரு வேட்டைக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில், டிசம்பர் மாதம், ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரம். நில உரிமையாளரின் அனுமதி இருக்கிறது, வேட்டை உரிமம் சட்டைப்பையில் இருக்கிறது. 12 கேஜ் (குழலின் அளவு) ஷாட்கன். கடையில் புதிதாக வாங்கிய இரும்பு பிபி தோட்டாக்களை இடுப்புப் பட்டையில் செருகியிருக்கிறார். ஆனால் போட்டிருப்பது பழைய வேட்டைச் சட்டை. அதன் உள்பையில், சில ஆண்டுகளுக்கு முன் புறா சுடப் போனபோது மிஞ்சிய இரண்டு ஈயத் தோட்டாக்கள் கிடக்கின்றன. புறாவுக்கு அப்போது ஈயம் செல்லும். இன்று வார்டன், அதாவது வனவிலங்குக் காவல் அதிகாரி, வந்து சட்டையைப் பார்த்தால் அவர் குற்றவாளி. அவர் சுட்டாரா இல்லையா என்ற கேள்வியே எழாது.

தோட்டாவைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் பெட்டியும் தோட்டாவின் பக்கவாட்டு அச்சும். கேஜ், நீளம், ரவையின் மொத்த எடை, எண், உலோகம் எல்லாம் அங்கே இருக்கும். அச்சு அழிந்திருந்தால் காந்தம் கொஞ்சம் உதவும், ஆனால் அதை முழுக்க நம்ப முடியாது. இரும்பு ரவை ஒட்டும், ஈயமும் பிஸ்மத்தும் ஒட்டாது. தோட்டாவின் பித்தளை அடிப்பகுதியே சிலவற்றில் பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருப்பதால், காந்தத்தை மேல்பாதியில் வைத்துப் பார்க்க வேண்டும். வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் நெடுக்காக அறுத்த தோட்டாக்களை மேசையில் வைத்துக் காட்டுவது வழக்கம். ஈயத் தோட்டாவில் ரவையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிண்ணம் மெல்லியது. இரும்புத் தோட்டாவில் அது தடித்து, ரவையைக் குழலின் சுவரில் உரச விடாமல் மூடியிருக்கும். ஈயம் மென்மையானது, குழலின் குறுகலில் நசுங்கி நழுவும். இரும்பு நசுங்காது. அதனால்தான் பழைய மெல்லிய குழல்களிலும், நுனி மிகக் குறுகிய 'ஃபுல் சோக்' குழல்களிலும் பெரிய இரும்பு ரவையைச் சுடக் கூடாது என்று துப்பாக்கி தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். தாத்தாவின் இரட்டைக்குழலை ஆசையாக வைத்திருப்பவர்களுக்குப் பிஸ்மத்தான் வழி. இதைச் சட்டம் சொல்லாது, குழல் வீங்கிய பிறகு தெரியும்.

சட்டப்படி எது ஈயமற்றது? எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நீர்ப்பறவை வேட்டைக்கு மத்திய அரசு நஞ்சற்றது என்று ஒப்புக்கொண்ட ரவை வகைகள் எல்லாம் இங்கேயும் செல்லும். செம்பு முலாம் பூசிய ஈயம் செல்லாது. பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது எளிது.

குழப்பம் தரும் இன்னொன்று மூன்று தோட்டா விதி. துப்பாக்கியின் சேமிப்புக் குழாயிலும் சுடும் அறையிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி ஷாட்கன்னில் ஒரு கட்டையைச் செருகியிருக்க வேண்டும் என்பது வலசைப் பறவைகளுக்கும், மாநிலத்தின் சிறு வேட்டை விலங்குகளுக்கும் எழுதப்பட்டது. ரோம விலங்குக்கான 465ஆவது பிரிவு துப்பாக்கி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆனாலும் கட்டையைக் கழற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ரக்கூனுக்கு மூன்று தோட்டா போதாது என்றால் சுடுகிறவரிடம்தான் கோளாறு.

ரக்கூனுக்கு மட்டும் அல்லாத சில விதிகளும் அந்த இரவில் நம் வேட்டைக்காரரைத் தொடரும். யாரேனும் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கெஜத்துக்குள், அனுமதி இல்லாமல், சுடக் கூடாது. பொதுச் சாலைக்குக் குறுக்கே சுடக் கூடாது. பொதுவழியில் உள்ள வண்டியில் ஏறும்போது துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா இருக்கக் கூடாது. விளக்கு பயன்படுத்துவதற்கு மாவட்டத்தைப் பொறுத்துத் தனிப் பிரிவுகள் உண்டு, அவற்றை முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும்.

பொறி போனது, துப்பாக்கி நின்றது

கலிஃபோர்னியாவில் ரோம விலங்குகளை நெடுங்காலம் பிடித்தது துப்பாக்கியால் அல்ல, பொறியால். தோலில் ஓட்டை விழாது, விலை குறையாது. 1998இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் காலைக் கவ்வும் இரும்புப் பொறிகளைத் தடை செய்தார்கள். கூண்டுப் பொறி மட்டும் மிஞ்சியது. 2019இல் ரோமத்துக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பொறி வைப்பதையே மாநிலம் நிறுத்தியது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். அந்த விவாதத்தின்போது வெளியான கணக்கின்படி 2017இல் மாநிலம் முழுவதும் 68 பேர்தான் பொறி வைத்திருந்தார்கள், 1,568 விலங்குகளைப் பிடித்திருந்தார்கள். தொழில் ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது. ஆக, இன்று ரோம விலங்கை வேட்டையாட விரும்புகிறவருக்குப் பொறி என்ற பழைய வழி இல்லை. துப்பாக்கியின் விதி ரோம விலங்கு விதிகளின் நடுப்புள்ளிக்கு வந்துவிட்டது.

மற்ற மாநிலங்கள் இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் ரோம விலங்குக்கு 10 கேஜ் வரை ஷாட்கன் பயன்படுத்தலாம், ரவை எண் 4 பக்‌ஷாட் வரை போகலாம். அதன் விட்டம் 6.1 மில்லிமீட்டர், ஈயத்தில் ஒரு ரவையின் எடை 1.3 கிராமுக்கு மேல். கலிஃபோர்னியாவின் இரவு வரம்போடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கும் அதிகமான எடை. அங்கே கயோட்டியும் ரோம விலங்குப் பட்டியலில் இருக்கிறது, கயோட்டிக்குச் சிறு ரவை போதாது. மறுபடியும், பட்டியலில் எந்த விலங்கு என்பதுதான் தோட்டாவைத் தீர்மானிக்கிறது. அரிசோனா ஈயத்தைச் சட்டத்தால் தடுக்காமல், 2005இலிருந்து காண்டோர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாவை இலவசமாகக் கொடுத்து மனதை மாற்றும் வழியைப் பிடித்தது. எல்லைக்கு அப்பால் கற்ற பழக்கத்தோடு கலிஃபோர்னியாவுக்குள் வேட்டைக்கு வருகிறவர் அந்தப் பழக்கத்தை எல்லையிலேயே விட்டுவர வேண்டும்.

2019 ஜூலை 1 இன்னொரு வகையிலும் முக்கியமான நாள். ஈயத் தடை முழுமையான அதே நாளில், தோட்டா வாங்குகிற ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை என்ற தனிச் சட்டமும் கலிஃபோர்னியாவில் அமலானது. 2018இலிருந்தே வெளிமாநிலத்தில் வாங்கிய தோட்டாவை மாநிலவாசிகள் நேரடியாகக் கொண்டுவர முடியாது. ஒலிம்பிக்கில் ஷாட்கன் சுடுதலில் பதக்கங்கள் வென்ற கிம் ரோட் பெயரில் அதன்மீது தொடுக்கப்பட்ட வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி வந்திருக்கிறது. ஈயத் தடைக்கும் அந்த வழக்குக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் ஈயமற்ற தோட்டாவைத் தேடி அலைகிற ஒருவருக்கு, அண்டை மாநிலக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டியை எடுத்துவர முடியாமல் போவது உண்மையான சுமை.

என் முடிவு இது. ஈயத் தடை சரியானது, ரோம விலங்குகளை அதில் முன்கூட்டியே சேர்த்ததும் சரியானது. உலகில் காண்டோர்களின் எண்ணிக்கை இன்று 500ஐத் தாண்டியிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் காட்டில் பறக்கின்றன. ஈயத்தால் இறப்பு இன்னும் நிற்கவில்லை. பறவைகள் நீண்ட காலம் வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை, தடையை மீறும் சிலர் போதும் கணக்கைக் கெடுக்க. எனவே விதி இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கிறவருக்கு அது புரிய வேண்டும். குறை அங்கேதான் இருக்கிறது. ரக்கூன் வேட்டைக்குப் போகும் ஒருவர் பட்டியலுக்கு ஒரு சட்டம், தடைக்கு 460, பருவத்துக்கும் இரவுக்கும் 464, முறைக்கு 465, ஈயத்துக்கு 250.1, விளக்குக்கு 264உம் 264.5உம் என்று தாவித் தாவிப் படிக்க வேண்டியிருக்கிறது. நான் படித்த வடிவில் 464ஆவது பிரிவு விளக்குப் பிரிவுகளைச் சுட்டிக்காட்டுகிறது, ஈயப் பிரிவைச் சுட்டிக்காட்டுவதில்லை. அந்தக் குறிப்புக்கு அடுத்த வரியில் 250.1 என்ற எண்ணையும் சேர்க்க ஆணையத்துக்குப் பெரிய செலவு ஆகாது. ரக்கூன் என்ற தலைப்பைத் தேடி வருகிறவருக்கு அந்தத் தலைப்பின் கீழேயே முழுப் பதிலும் கிடைக்க வேண்டும்.